ஸ்டீரியோ இரைகிறது

கம்ப்யூட்டரையும் ஹாலில் இருக்கும் பழைய ஸ்டீரியோவையும் ஒரு ஒயரால் இணைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான். உடனே இரண்டு ஸ்பீக்கரிலிருந்தும் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் கிளம்பியது. பாட்டை நிறுத்தினாலும் அது நிற்கவில்லை. கம்ப்யூட்டர் ஒயரை உருவினால் மட்டும் அடங்கியது. பாட்டு வேண்டுமென்றால் ஒயர் வேண்டும், ஒயர் வந்தால் இரைச்சலும் கூடவே வந்தது.

பாட்டு வேண்டும் என்பதுதான் பிரச்சினையே. என் மனைவி உத்தமபாளையத்தில் எங்கள் சபையின் பாடகர் குழுவில் இருக்கிறாள். கிறிஸ்துமஸ் ஆராதனையில் ஒரு பாட்டின் நடுச்சரணத்தை அவள் தனியாகப் பாட வேண்டும். இத்தனை வருஷம் கூட்டத்தோடு கூட்டமாகப் பாடியவளுக்கு முதல் தடவையாகக் கிடைத்த இடம். ஆனால் ஒத்திகையில், சரணம் மேலே ஏறுகிற இடத்தில் அவளுக்குச் சுருதி நழுவியது. குழுவை நடத்துகிறவர் இசையை மட்டும் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, ஞாயிற்றுக்கிழமைக்குள் சரிசெய்துவிட்டு வரச் சொல்லியிருந்தார். சரியாகவில்லை என்றால் வேறு யாராவது பாடுவார்கள். அவர் அதைச் சொல்லவில்லை, எங்களுக்குத்தான் தெரியுமே.

"போன்ல கேட்டா ஒண்ணும் பிடிபட மாட்டேங்குதுங்க. பெரிய ஸ்பீக்கர்ல போட்டு விடுங்க" என்றாள்.

போட்டேன். இரைந்தது. அதே இடத்தில் அவள் மறுபடியும் நழுவினாள்.

"இரையுதுங்க. அதேன் பிடிக்க முடியல."

எங்கள் பக்கம் வண்டும் இரையும், தண்ணீர் மோட்டாரும் இரையும், ஸ்பீக்கரும் இரையும். எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். எனக்கு அது போதும். கோளாறு இன்னதென்று தெரிந்துவிட்டால் எனக்குக் கால் தரையில் பாவாது.

மறுநாளே தேனிக்கு பஸ் ஏறினேன். கடைக்காரர் கட்டை விரல் தடிமனில் ஒரு ஒயரை எடுத்துப் போட்டு, இரைச்சல் கிட்டேயே வராது என்றார். சின்னமனூரில் பஸ் நின்ற நேரமெல்லாம் டிரைவரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து மாட்டினால், தடித்த ஒயரில் இரைச்சலும் தடிப்பாக வந்தது.

அடுத்து எர்த் குழி. வெயில் காலத்தில் எர்த் சரியில்லை என்றால் குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். நான் கார்த்திகை மழைக்கு நடுவே, குடையைப் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே சொதசொதவென்று கிடந்த குழியில் வாளி வாளியாக உப்புத் தண்ணீர் ஊற்றினேன். எதிர்வீட்டில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். ஸ்டீரியோ அசரவில்லை.

அனுமந்தன்பட்டியிலிருந்து எலக்ட்ரீஷியன் வந்தார். சத்தத்தைக் கேட்டதுமே கம்ப்யூட்டர் பிளக்கைக் கழற்றினார்.

"இந்த எர்த் பின்ன எடுத்து விட்டா நின்னுரும்ணே. இங்கன முக்காவாசி வீட்ல அப்படித்தேன் ஓடுது."

நின்றேவிட்டது. எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அவர் தெருமுனை தாண்டவில்லை, பாட்டைப் போட வந்த என் மனைவி கம்ப்யூட்டர் பெட்டியில் கைவைத்துவிட்டு வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். "சுள்ளுன்னு அடிக்குதுங்க." எனக்கு உயிரே போய்விட்டது. பின்னைத் திரும்ப மாட்டினேன். இரைச்சலும் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

சனிக்கிழமை மதியம் எனக்குப் பொறுமை தீர்ந்தது. டிவிக்குப் பின்னால் போய், எது எதற்கு என்று பார்க்காமல் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கினேன். தெருக் கம்பத்திலிருந்து வரும் கேபிள் ஒயரைக் கழற்றியதும் ஹால் அமைதியானது. டிவி பெட்டியிலிருந்தும் ஒரு ஒயர் ஸ்டீரியோவுக்குப் போகிறதே, அதை நான் மறந்தே போயிருந்தேன். கம்ப்யூட்டருக்கு வீட்டு எர்த், கேபிளுக்குத் தெரு எர்த். இரண்டும் ஸ்டீரியோவுக்குள் வந்து மோதிக்கொண்டதுதான் இத்தனைக்கும் காரணம். டிவி இல்லாமல் கிறிஸ்துமஸ் கழிந்தால் குடி முழுகிவிடாது.

"வா, பாடு" என்று கத்தினேன்.

இசை கண்ணாடி மாதிரி வந்தது. அவள் பாடினாள். ஏறுகிற இடத்தில் நழுவினாள்.

"இரையுதுங்க" என்றாள்.

ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தேன். ஒன்றும் இல்லை. சுறுசுறுவென்று கோபம் ஏறியது. வாரம் முழுக்க மாடாக உழைத்தவனிடம் சொல்கிற பேச்சா இது?

"எங்க இரையுது? நல்லாக் கேளு."

"இன்னும் நிக்கலைங்க."

கம்ப்யூட்டரை அணைத்தேன். ஸ்டீரியோவை அணைத்தேன். ஆத்திரம் அடங்காமல் மெயினையே இறக்கினேன். ஃபேன் சுற்றி ஓய்ந்தது, ஃபிரிட்ஜ் ஒரு குலுக்கலோடு நின்றது.

"இப்பச் சொல்லு. இப்ப இரையுதா?"

அவள் தலையைச் சாய்த்துக் கேட்டாள். மெதுவாக இடது காதை உள்ளங்கையால் மூடினாள். எடுத்தாள். மறுபடி மூடினாள். அவள் முகத்தைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் வடிந்தது.

"இப்பத்தேங்க நல்லா இரையுது."

எப்போதிருந்து என்று கேட்டேன். மழைக்கு முந்தியே என்றாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன்.

"ஸ்பீக்கர்லயும் அதே மாதிரிதேன் இரைஞ்சுச்சு. நீங்களும் அத நிப்பாட்டப் பாடாப் படுறீக" என்றாள். "அது நின்னா இதுவும் நின்னுரும்னு நெனச்சேங்க."