கொத்தமல்லி வாசம் அடித்த பன்மை

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்து வாத்தியாரம்மா கிருபாபாய்க்கு ஒரு கிறுக்கு இருந்தது. சீமை மொழிகளில் ஒன்று பலவாகும்போது சொல்லின் வாலில் எதை ஒட்டுகிறார்கள், அந்த வால் எங்கிருந்து வந்தது என்று தேடுகிற கிறுக்கு. ஊருக்குத் திரும்பிப்போன துரைசானி ஒருத்தி ஒரு பெட்டிப் புத்தகத்தை விட்டுப்போனதில் பிடித்த பேய். ஏழு வருஷமாகியும் இறங்கவில்லை.

எழுதக் காகிதத்துக்கு எங்கே போவாள்? பிள்ளைகளின் பழைய பரீட்சைத் தாள்கள் இருந்தன. முன்பக்கம் வகுத்தல் கணக்கு, பின்பக்கம் லத்தீன். அப்படி எழுதி எழுதியே பரணில் இரண்டு கட்டு சேர்ந்துவிட்டது. ஜனவரியில் கப்பலேறப்போகிற ஜெர்மன் பாதிரியார் ஒருவர், அதைத் தன் ஊர்ப் பண்டிதர்களிடம் காட்டுவதாகக் கடிதம் போட்டிருந்தார். அந்தக் கடிதத்தை அவள் எத்தனை தடவை வாசித்தாள் என்று கேட்கக் கூடாது.

கிறிஸ்துமஸ் நெருங்கியது. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பரணை ஒழித்தார் அவள் புருஷன் ஐயாதுரை. தங்கமான மனுஷர். ஆனால் ராத்திரி பகலாக என்ன எழுதுகிறாய் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது அவளுக்கு உள்ளே ஒரு மூலையில் வலித்துக்கொண்டே இருந்தது.

அன்று சாயங்காலம் ராஜபாளையத்திலிருந்து வெற்றிவீரர் மாதிரி வந்து இறங்கினார்.

"கிருபா, பரண்ல கெடந்த பரீட்சைக் குப்பைய ராவுத்தர் மளிகைக் கடையில எடைக்குப் போட்டுட்டு, அதிரசத்துக்கு வெல்லம் வாங்கியாந்துட்டேன். அம்புட்டும் பாகு வெல்லம்."

கிருபாபாய் காலியான பரணை அண்ணாந்து பார்த்தாள். "அதுக்குப் பின்பக்கத்தப் பாத்தீகளா?" என்று மட்டும் கேட்டாள். அவள் ராத்திரி பகலாக எழுதியது எதில் என்று அப்போதுதான் ஐயாதுரைக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் வண்டி பூட்டினார்கள். ஏழு மைல்.

ராவுத்தர் என்று ஊரே சொல்லும் ஜமால் முகமதுவின் மளிகைக் கடை வாசலில், தளவாய்புரத்து அங்காளம்மாள் ஒரு கசங்கிய தாளை நீட்டிக்கொண்டிருந்தாள். அது தன் கையெழுத்து என்று தூரத்திலேயே தெரிந்தது கிருபாபாய்க்கு.

"இந்தாரும், உம்ம தாளு. மல்லிய டப்பாவுல கொட்டிட்டேன். இதுக்காகவா ஆள் விட்டீரு?"

ராவுத்தர் அதைக் கண்ணில் ஒற்றி வாங்கினார். எழுத்துள்ள காகிதத்தைப் பொட்டலம் கட்டுமுன் அது வேதமா என்று பார்ப்பது அவருடைய வழக்கம். எந்த மதத்து வேதமானாலும் அதில் சரக்குக் கட்ட மாட்டார். முன்பக்கம் கணக்குதானே என்று பதினோரு தாளில் பொட்டலம் கட்டிக் கொடுத்தவருக்கு, பன்னிரண்டாவதைப் புரட்டியதும் கை நின்றுவிட்டது. தமிழும் இல்லை, இங்கிலீஷும் இல்லை, எழுத்தின் தலையிலெல்லாம் கோடும் புள்ளியும். மிச்சத்தை வெள்ளைத் துணியில் சுற்றி மாடத்தில் வைத்துவிட்டு, பதினோரு வீட்டுக்கும் ஆள் அனுப்பியிருந்தார். அங்காளம்மாளுடையது பதினோராவது.

துணியைப் பிரித்துப் பார்த்த கிருபாபாய்க்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்தது. எல்லாம் இருந்தது. கொத்தமல்லி வாசம் மட்டும் கூடுதல்.

"எந்த வேதம் வாத்தியாரம்மா இது?"

"வேதமில்ல ராவுத்தரே. இங்கிலீஷ்காரன் ஒரு கல்ல 'ஸ்டோன்'ம்பான், பல கல்ல 'ஸ்டோன்ஸ்'ம்பான். அந்த 'ஸ்' பிரெஞ்சுக்காரன் குடுத்ததுன்னு பல பேரு நெனைக்காக. இல்ல. அவன் இங்கிலாந்த ஆள வர்றதுக்கு முந்தியே இவுக 'ஸ்டானஸ்'னுதான் சொல்லியிருக்காக. சொந்தச் சொத்து."

"நம்ம ஊரு தெலுங்கு ராசாக்க வீட்டுல பலதச் சொல்ல 'லு' போடுதாகளே, அது மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

சரக்கு வாங்க வந்த நாலு பேர் கூடிவிட்டார்கள். அங்காளம்மாள் போகவே இல்லை. குழந்தைகளைச் சொல்லும் 'சில்ட்ரன்' என்ற சொல்லில் ஒரு பழைய பன்மை மறந்துபோய் அதன்மேல் இன்னொன்று ஏறி உட்கார்ந்திருப்பதைக் கேட்டு, "ரெண்டு போட்டா பிள்ளைக நெறைஞ்சிருக்கும்லா" என்றாள். கடையே சிரித்தது.

திரும்பும்போது ஐயாதுரை கட்டுகளை மடியிலேயே வைத்துக்கொண்டார். பாதி வழியில் மேல் தாளின் ஓரத்தில் அவள் தமிழில் எழுதியிருந்த குறிப்பைப் படித்தார். பிறகு கேட்டார்.

"ஏட்டி கிருபா, அந்த இத்தாலிக்காரன் மட்டும் ஏன் 'ஸ்' போடல? மேல் தாள்ல ஓநாய்க்கு ஸ்பெயின்காரன் 'லோபோஸ்'ங்கான், இவன் 'லூப்பி'ங்கான்னு எழுதியிருக்கே."

கிருபாபாய் அவரைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருஷத்தில் அவர் கேட்ட முதல் கேள்வி.

"லத்தீன்ல ஓநாய்க வந்துச்சுன்னா 'லூப்பி'. ஓநாய்களப் பாத்தேன்னா 'லூப்போஸ்'. இவன் ஒண்ண எடுத்துக்கிட்டான், அவன் ஒண்ண எடுத்துக்கிட்டான்னு சொல்லுதாக. ஆனா அதுல ஒரு சண்டை இருக்கு..."

"சொல்லு," என்றார் ஐயாதுரை, கயிற்றை இழுத்து மாட்டை மெதுவாக நடக்கவிட்டு.