செவ்வாய்க்கு முளை பிடித்தவர்

எங்கள் பள்ளி மைதானத்தில் ஆண்டுக்கு ஒரு நாள் கோள்களின் பாதைகளை வரைவோம். நான் இயற்பியல் டீச்சர், கூட நிற்பவர் கணக்கு டீச்சர். இருவருமே கோபக்காரிகள், அதனாலேயே பன்னிரண்டு வருட நட்பு. இரண்டு முளை அடித்து, அவற்றைச் சுற்றிக் கயிற்று வளையத்தைப் போட்டு, கயிறு தொய்யாமல் ஒரு குச்சியால் சுற்றிக் கீறினால் நீள்வட்டம் வந்துவிடும். சமயநல்லூர்ப் பக்கத்து மண் காய்ந்துவிட்டால் முளை நிற்காது. அவர் குத்தவைத்து இரண்டு கையாலும் முளைகளைப் பிடித்துக்கொள்வார், நான் கீறுவேன்.

கீறிய தடத்தில் சுண்ணாம்புப் பொடி தூவிப் பிள்ளைகளை ஓடவிடுவோம். சூரியன் நடுவில் இல்லை, ஒரு முளையில். அதற்கு அருகே வரும்போது வேகமாக ஓட வேண்டும், தள்ளிப் போகும்போது மெதுவாக. செவ்வாயாக ஓட மட்டும் ஆள் கிடைக்காது. வீட்டில் கேட்ட பேச்சு அப்படி. அப்போது அவர் எழுந்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு சொல்வார்: "செவ்வாய் ஒரு பாறை உருண்டைடா. அது பாட்டுக்குச் சூரியனைச் சுத்துது. ஒங்க வீட்டுக் கல்யாணத்த நிறுத்துறதா அதுக்கு வேலை?" பிள்ளைகள் சிரிப்பார்கள். யாராவது ஒருத்தி ஓட வந்துவிடுவாள்.

என் மகளும் அவர் மகனும் ஒருவரையொருவர் விரும்பினார்கள். தெரிந்த அன்று வண்டியூர் தெப்பக்குளக் கரையில் உட்கார்ந்து அதிகம் சந்தோஷப்பட்டது நாங்கள் இருவரும்தான். "இனிமே டீச்சர்னு கூப்பிட மாட்டேன், சம்பந்தினுதான்" என்றார். பேச்சோடு பேச்சாக மகள் பிறந்த நேரத்தைக் கேட்டார். எங்கள் வீட்டில் ஜாதகம் எழுதியதில்லை. ஆனாலும் துல்லியத்தில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. நிமிடம் வரை சொன்னேன்.

பத்து நாள் கழித்து ஆசிரியர் அறையில் போனை நீட்டினார். வானத்தைக் காட்டும் ஆப். போன வருடம் நான்தான் ஏற்றிக் கொடுத்து, பழைய தேதிக்கு நகர்த்தவும் கற்றுக்கொடுத்தேன். திரையில் என் மகள் பிறந்த காலை. கிழக்கே எழும் ராசி, செவ்வாய் நின்ற ராசி. எழும் ராசியிலிருந்து எட்டாவதில் செவ்வாய் நின்றால் தோஷம், கட்டியவன் உயிருக்கு ஆகாது என்பார்கள்.

"எட்டுல இருக்கு டீச்சர். ஜோசியர்ட்டலாம் போகல. நானே ரெண்டு தடவ எண்ணிப் பாத்துட்டேன்."

"நீங்களா?"

"எனக்கு ஒரே பையன். அம்புட்டுதான் சொல்ல முடியும்."

அவர் ஜோசியரிடம் போயிருந்தால் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு ஆறியிருப்பேன். நான் சொன்ன நேரத்தை, நான் கொடுத்த ஆப்பில் போட்டு, கணக்குப் பிசகாமல் என் பிள்ளையை வேண்டாமென்று சொல்லிவிட்டார். மகள் அழவில்லை. "அவன் என்ன சொன்னான் தெரியுமாம்மா? எங்கம்மா கணக்கு தப்பாதுன்னான்" என்றாள்.

இந்த ஆண்டும் முளை அடித்தோம். அவர் குத்தவைத்துப் பிடித்தார், நான் முகம் பார்க்காமல் கீறினேன். செவ்வாய்க்கு ஆள் வரவில்லை. இந்த முறை வாய் திறக்க மாட்டார் என்று நினைத்தேன். தலைகுனிந்து சும்மா இருந்திருந்தால் அங்கேயே எல்லாவற்றையும் மன்னித்திருப்பேன்.

அவர் எழுந்தார். கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டார். "செவ்வாய் ஒரு பாறை உருண்டைடா" என்று ஆரம்பித்து, ஒரு சொல் குறையாமல் சொல்லி முடித்தார். பிள்ளைகள் சிரித்தார்கள்.