ஷூ வாத்தியார் வாக்கு மாறிய கதை

சீனாவில் சாங்ஷா நகர ஆண்கள் பள்ளியில் ஷூ மௌலின் பதினெட்டு வருடம் கன்பூசியஸ் பாடம் நடத்தினார். மன்னராட்சி போய்க் குடியரசு வந்ததும் அந்தப் பாடத்தை நீக்கிவிட்டார்கள். வேலை போகாமலிருக்க, ஒரு ஜெர்மானியர் எழுதி ஜப்பானிய மொழி வழியாகச் சீனத்துக்கு வந்த நீதிநூலைக் கையில் எடுத்தார். ஒரு பக்கத்தை மூன்று தடவை படித்தால்தான் அவருக்கே பிடிபடும். பிறகு வகுப்பில், பிறந்ததிலிருந்து அதையே நம்பியவர்போலச் சொல்லிக்கொடுப்பார். மாலையில் தொண்டை வறண்டு, கால் கனத்து வீடு திரும்புவார்.

அவருடைய குறிப்புகளை நல்ல கையெழுத்தில் படியெடுப்பவள் மகள் ரூயின். அவளுக்கு ஐந்து வயதாகும்போதே, ஷூ தன்னோடு படித்த நண்பர் தெங் என்பவரின் மகனுக்கு நிச்சயம் செய்திருந்தார். ஒரு நாள் சாப்பிடும்போது அவள் அந்தக் குறிப்புகளில் ஒரு தாளை அவர் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“எந்த மனுஷரையும் அடுத்தவங்க காரியத்துக்குக் கருவியாக்கக் கூடாதுன்னு நீங்கதானேப்பா எழுதியிருக்கீங்க?”

“அது பரீட்சைக்கும்மா.”

“எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்.”

ஷூ அந்தத் தாளைத் திரும்பப் படித்தார். சோறு ஆறியது. இரண்டு வாரம் யோசித்தார். யோசிக்கவும் தெம்பில்லாமல் போனபோது, நிச்சயச் சீட்டை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கடந்து தெங் வீட்டுக்குப் போனார்.

விஷயத்தைக் கேட்ட தெங் தேநீர்கூட ஊற்றவில்லை.

“கன்பூசியஸைக் கரைச்சுக் குடிச்ச ஆளாச்சேய்யா நீ! குடுத்த வாக்கு என்னாச்சு? உன் வெள்ளைக்காரன் வந்து என் பையனுக்குப் பொண்ணு தருவானா?”

ஷூ முற்றத்துக் கல்லில் மண்டியிட்டு, நெற்றி தரையில் படக் கும்பிட்டார்.

“எந்திரி. இந்தக் கும்பிடு பழசா, புதுசா?”

“தெரியல தெங். முட்டி வலிக்குது.”

தெங் சீட்டை வாங்கி நாலாகக் கிழித்தார். முப்பது வருட நட்பு அதோடு முடிந்தது.

மறுநாள் வகுப்பில் நூலின் அடுத்த அத்தியாயம். கொடுத்த வாக்கை எந்த நிலையிலும் மீறக் கூடாது என்றது அது. ஷூ ஒரு வரி விடாமல் நடத்தினார்.

“மீறித்தான் ஆகணும்னா என்ன பண்றதுங்க ஐயா?” என்றான் ஒருவன்.

“நேர்ல போய் வாங்கிக் கட்டிக்கணும்.”

பையன்கள் சிரித்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

இலையுதிர் காலத்தில் ரூயின் ஆசிரியர் பயிற்சிக்குப் பெய்ஜிங் போனாள். அவள் கடிதங்களில் புதுப்புதுச் சொற்கள் வந்தன. அவர் எதற்கும் பொருள் கேட்கவில்லை. வேளைக்குச் சாப்பிடுகிறாயா, குளிருக்குப் பஞ்சு வைத்துத் தைத்த சட்டை இருக்கிறதா என்று மட்டும் பதில் எழுதினார்.