சிவப்புப் பிடியை இழுக்காத தையலக்கா

கடற்கரைச் சாலையின் கோடியில் இருந்த அந்தத் தையல் கடைக்குச் சட்டையும் வராது, பாவாடையும் வராது. கிழிந்த பட்டங்கள்தான் வரும். சாதாரணப் பட்டங்கள் இல்லை, ஆளையே இழுத்துக்கொண்டு போகிற பட்டங்கள். இடுப்பில் பட்டத்தை மாட்டி, காலடியில் பலகையை வைத்து, கடல்மேல் வழுக்கிப் போகிற கைட் சர்ஃபிங்காரர்கள் கொண்டுவந்து போடுவார்கள். கடைக்காரிக்குத் தையலக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது. பதினொரு வருடமாகத் தைத்தும் ஒரு பட்டம்கூட அவர் கையால் மேலே ஏறியதில்லை. தைத்து முடித்ததும் பட்டத்தின் ஓரக் குழாயில் பம்பால் காற்றடித்து, ஒட்டுப் போட்ட இடத்தில் கன்னத்தை வைத்துக் கசிவு பார்ப்பார். அதோடு சரி.

ஒரு நாள் பல் டாக்டர் ஒருவர் பட்டத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு வந்தார்.

"எப்படிக் கிழிஞ்சுது?"

"காத்து திடீர்னு தூக்கிடுச்சு. விடுங்கக்கா, சொன்னா உங்களுக்குப் புரியாது."

அந்தக் கடைசி வார்த்தை அக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. அன்று சாயங்காலமே கடையைப் பூட்டிவிட்டு, எதிரில் இருந்த பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்தார்.

பள்ளியை நடத்திய பெண்ணுக்கு அக்காவின் மகள் வயதுதான் இருக்கும். "லைசென்ஸ் இல்லாம இந்தக் கரையில யாரும் தனியா இறங்க முடியாதுக்கா. முதல்ல பாடம், அப்புறம் தேர்வு. நீச்சல் தெரியுமா?"

"நீச்சல் தெரியும். பரீட்சைன்னாதான் பயம்."

முதல் வாரம் முழுக்க மணலில்தான் பாடம். கரையிலிருந்து கடலைப் பார்த்து வீசுகிற காற்றில் இறங்கவே கூடாது, அது ஆளை நடுக்கடலுக்குக் கொண்டுபோய்விடும். தலைக்கவசம், மிதவைச் சட்டை இல்லாமல் தண்ணீரைத் தொடக்கூடாது. தலையில் கை வைத்தால் 'என் பட்டத்தை இறக்க உதவுங்கள்' என்று அர்த்தம். இந்தக் கடைசிப் பாடத்தை யாரும் அக்காவின் வீட்டுக்காரருக்குச் சொல்லவில்லை. விடியுமுன் பேக்கரி வேலைக்குப் போய் மதியம் திரும்புகிறவர், மனைவி கற்பதைப் பார்க்க வந்து மணலில் உட்கார்ந்திருந்தார். அக்கா தலையில் கை வைத்ததும் குடி முழுகிப்போனது என்று நினைத்து, செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்.

"என்னம்மா ஆச்சு? எங்க அடிபட்டுது?"

"ஒண்ணும் ஆகலைங்க! வந்ததுதான் வந்தீங்க, அந்தப் பட்டத்தோட ஓரத்தைப் பிடிங்க!"

தேர்வு நாள் வந்தது. எழுத்துத் தேர்வில் ஒரே ஒரு தப்பு. தண்ணீரில் மிதந்தபடி கயிற்றைச் சுற்றிக் கரைசேர்கிற பகுதியில் தேர்வாளரே அசந்துபோனார். பாபினில் நூல் சுற்றிப் பழகிய கை அல்லவா! மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. தேர்வாளர் விசில் ஊதியதும் நெஞ்சுக்கு நேரே இருக்கும் சிவப்புப் பிடியை இழுக்க வேண்டும். இழுத்தால் பட்டம் ஆளை விட்டுக் கழன்று விழுந்துவிடும்.

விசில் ஒலித்தது. அக்காவின் கை பிடிவரை போய் நின்றுவிட்டது. மேலே பறந்தது, போன வாரம் இரண்டு நாள் உட்கார்ந்து அவரே ஒட்டுப்போட்ட பட்டம். பக்கத்தில் பாறை, அதன்மேல் விழுந்தால் மறுபடி கிழிந்துவிடும். அவர் யோசித்த அந்தக் கணத்தில் காற்று ஒரு வீசு வீசியது. முழங்கால் தண்ணீரில் இருபது அடி தரதரவென்று இழுபட்டு, வாய் நிறைய உப்புத் தண்ணீரும் தலைக்கவசம் முழுக்கப் பாசியுமாக எழுந்தார்.

தேர்வாளர் சிரிக்கவில்லை. "பட்டம் கிழிஞ்சா தைச்சுக்கலாம். அது உங்களுக்குத் தெரியாதாம்மா? ரெண்டு வாரம் கழிச்சு வாங்க."

அன்று வீட்டுக்குப் போனதும் அக்கா நடந்ததை வீட்டுக்காரரிடம் சொன்னார். மறுநாள் பேக்கரிக்கு விடுமுறை. காலையில் அக்கா பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து, "விடு!" என்று ஒரு கத்தல். தூக்கிவாரிப்போட்டது. வீட்டுக்காரர் வாயில் விசில் இல்லாத குறைதான். பள்ளியிலிருந்து இரவல் வாங்கிய, சிவப்புப் பிடி வைத்த பழைய இடுப்புப் பட்டையை அக்கா கட்டிக்கொள்ள, எந்த அறையில் இருந்தாலும் அதன் கொக்கியை அங்கிருந்த கதவில் மாட்டினார்கள். சமைக்கும்போது, துணி மடிக்கும்போது, நாத்தனாரோடு போனில் பேசும்போது என்று நேரம் காலம் இல்லாமல் "விடு!" என்பார். அக்கா இழுப்பார். போனில் இருந்த நாத்தனார், "என்னை எதுக்கு அண்ணி விடச் சொல்றாரு அண்ணன்?" என்று கோபித்துக்கொண்டதும் உண்டு.

இரண்டாவது தேர்வில் விசில் சத்தம் முடியுமுன் பிடி கழன்றது. பட்டம் வானத்தில் ஒரு முறை படபடத்து, சுருதி இறங்கின மாதிரி தண்ணீரில் சாதுவாகப் படுத்தது. ஒரு கீறல்கூட இல்லை.

"இவ்வளவுதானா?" என்றார் அக்கா.

"இவ்வளவுதான்க்கா," என்று பள்ளியை நடத்திய பெண் கட்டிக்கொண்டாள்.

மறுவாரம் லைசென்ஸ் அட்டை வந்தது. போட்டோவில் முடி ஈரமாக, ஒரு கண் பாதி மூடியிருந்தது. அதைப் பற்றிக் கவலைப்பட அவருக்கு நேரமில்லை. கரையோரமாகக் காற்று நன்றாக வீசியது. பலகையோடு தனியாக இறங்கி ஏழு முறை தொப்பென்று விழுந்தார். எட்டாவது முறை பட்டம் இழுக்க, முழங்கால் நிமிர, பலகைக்கடியில் தண்ணீர் சர்ரென்று கிழிந்துகொண்டு ஓடியது. ஒரு பேருந்து நீளத்துக்குப் போயிருப்பார். அதன் பிறகு எப்படி நிறுத்துவது என்பது மறந்துபோய், தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டுக்காரர் இடுப்பளவு தண்ணீரில் நின்று, "எப்படி இருந்துது?" என்று கத்தினார்.

"பேச்சுக் குடுக்காதீங்க! காத்து போயிடும், இன்னொரு தடவை போயிட்டு வந்துடறேன்!"