மச்சானின் முப்பத்தொரு ஐஸ் வேகன்கள்

மருந்துக்கடையில் போத்தல்களுக்கு ஒட்டும் வெள்ளை லேபிள் சுருள் ஒன்றைக் கைப்பையில் போட்டுக்கொண்டு மெல்பர்னில் மல்கிரேவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போன அந்தச் சனிக்கிழமையை நான் மறக்கப் பார்த்ததுண்டு. முடியவில்லை. மருந்தாளராக என் தொழிலே லேபிள் ஒட்டுவதுதான், எப்படி மறப்பது? 2010ஆம் ஆண்டு. என் மூத்த சகோதரியின் மகளைப் பெண் பார்க்கச் சிட்னியிலிருந்து ஒரு குடும்பம் வருவதாக இருந்தது. நாங்கள் இலங்கை முஸ்லிம்கள். அக்காவை ராத்தா என்போம், அவர் கணவரை மச்சான் என்போம். வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று ஒரு பேர் உண்டு. அது சும்மா வந்த பேர் இல்லை.

மச்சான் குளிர்சாதன மெக்கானிக். சூப்பர்மார்க்கெட்டுகளின் பெரிய ஃப்ரீசர்கள் நின்றுபோனால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அதிகம் பேசமாட்டார், ஐந்து வேளையும் தொழுவார், வேலை இடத்தில் கோலா தந்தால்கூடத் தண்ணீர் போதும் என்பார். அப்படிப்பட்ட மனிதர் 2009இல் வாங்கத் தொடங்கிய பொருளைக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். அமெரிக்காவில் நூறு வருடங்களுக்கு முன் பியர் ஏற்றிப்போன ரயில் பெட்டிகளின் சின்ன மாதிரிகள். ஒரு சாண் நீளம்கூட இராது. மஞ்சள், செம்மண் நிறம், பாசிப்பச்சை என்று ஒவ்வொன்றும் ஒரு நிறம். பக்கவாட்டில் பெரிய எழுத்தில் பியர் கொம்பனியின் பேர். சிலவற்றில் நுரை பொங்கும் கிளாஸ்கூட வரைந்திருக்கும்.

முதல் பெட்டி அவருக்குச் சும்மா கிடைத்தது. ஃப்ரிட்ஜ் திருத்தப் போன வீட்டில், ஓய்வுபெற்ற ஒரு வெள்ளைக்காரர் மேசை நிறைய ரயில்களைப் பரப்பி வைத்திருந்தாராம். மச்சான் அதில் ஒரு பெட்டியின் கூரையில் இருந்த நாலு சின்ன மூடிகளைக் காட்டி அது எதற்கென்று கேட்டிருக்கிறார். அந்தக் காலத்தில் மெஷின் இல்லை, வழி நெடுகிலும் நிறுத்தி நிறுத்தி அந்த மூடிகள் வழியாகத்தான் ஐஸ் கட்டிகளைக் கொட்டுவார்கள் என்று அவர் விளக்கியிருக்கிறார். மச்சான் இருபது வயதில் பேருவளையில் மீன் லொறிகளுக்கு ஐஸ் அடித்து நிரப்பியவர். அந்த மூடியை விரல் நுனியால் திறந்து மூடித் திறந்து மூடி அங்கேயே நின்றிருக்கிறார். பெட்டியோடுதான் வீட்டுக்கு வந்தார்.

"பியரைப் பாத்து நான் எடுக்கேல்ல. ஐஸ் வேகன்ல வடிவானதெல்லாம் பியர்க்காரன்ட வேகனா இருந்தா நான் என்ன செய்யிறது?" என்பார். அது உண்மையும்தான். இறைச்சி ஏற்றின பெட்டிகள் அவ்வளவு அழகில்லை. சிலவற்றை ஆயத்தமாக வாங்கினார். மிச்சத்தைத் துண்டு துண்டாக வாங்கி, தானே ஒட்டி, தானே நிறம் பூசினார். எழுத்துகள் மெல்லிய தாளில் வரும். தண்ணீரில் நனைத்து, ஊசி முனைக் குறட்டால் ஒவ்வொன்றாக நகர்த்தி உட்கார வைக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் முழுக்கப் போகும். தண்டவாளம் வாங்கவே இல்லை. ஓட்டிப் பார்க்க அவருக்கு ஆசையில்லை, வரிசையாக நிற்பதைப் பார்த்தால் போதும். வீட்டின் பின் நடையில், துணி துவைக்கும் அறைக்குப் போகும் வழியில் நீளமாக ஒரு தட்டு அடித்து முப்பத்தொரு பெட்டிகளையும் நிறுத்தியிருந்தார்.

பெண் பார்க்க வருகிறவர்கள் மார்க்கப் பற்றுள்ள குடும்பம் என்று கேள்வி. ராத்தாவுக்கு மூன்று நாளாகத் தூக்கமில்லை. மகளுக்கு முன்பு வந்த இரண்டு சம்பந்தங்கள் பேச்சோடு நின்றிருந்தன, இதுவும் போனால் ஊர் என்ன கதைக்கும் என்பதுதான் அவளுடைய பயம். மச்சான் அன்று காலையே அவசர வேலைக்குப் போய்விட்டார். நான் வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன். நடைக்கு வந்ததும் நின்றேன்.

"ராத்தா, அவங்க அஸர் தொழுவாங்கதானே? ஒளு எடுக்க எங்க போவாங்க?"

ராத்தா என் முகத்தைப் பார்த்தாள். அந்த வீட்டில் தொழுகைக்கு முன் உட்கார்ந்து கை கால் கழுவ வசதியான குழாய் துணி துவைக்கும் அறையில்தான் இருந்தது. விருந்தாளிகள் ஒவ்வொருவராக அந்த முப்பத்தொரு பியர் பேர்களையும் வாசித்துக்கொண்டு தொழுகைக்குச் சுத்தமாகப் போவார்கள். பெட்டிகளை எடுத்து ஒளித்து வைத்திருக்கலாம். ஆனால் அவற்றின் சின்னஞ்சிறு ஏணிகளும் கம்பிகளும் தொட்டால் உடைந்துவிடும், அவர் இல்லாமல் தொடக்கூடாது என்று ராத்தா பயந்தாள். "சும்மா இரு, அவர் வரட்டும்" என்றாள். நானா சும்மா இருப்பேன்? காருக்குப் போய்க் கைப்பையை எடுத்துவந்து, ஒவ்வொரு பெட்டியின் பேருக்கு மேலும் ஒரு வெள்ளை லேபிளை அழுத்தி ஒட்டினேன். மருமகள் மட்டும் எட்டிப் பார்த்து, "சாச்சி, இட்ஸ் ஜஸ்ட் எ ட்ரெயின்" என்றுவிட்டுப் போனாள். எனக்கு என் கெட்டித்தனம் பிடித்திருந்தது.

மச்சான் விருந்தாளிகளோடு சேர்ந்தாற்போலத்தான் வந்தார். கை கழுவ நடைக்குப் போனவர் ஒரு கணம் நின்றார். லேபிள்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கையைக் கழுவிவிட்டு விருந்தாளிகளிடம் போனார். வந்தவர்கள் நல்ல மனிதர்கள். ஒளு எடுத்தார்கள், தொழுதார்கள், ராத்தாவின் வட்டிலாப்பத்தை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். போகும்போது பையனின் தாய் என் கையைப் பிடித்து முத்தம் வைத்தார். சம்பந்தம் சரி என்றே நினைத்தோம்.

அவர்கள் போனபின் மச்சான் முதல் லேபிளை உரித்தார். எழுத்து லேபிளோடு வந்துவிட்டது, கீழே வெறும் மஞ்சள் தெரிந்தது. இரண்டாவதும் அப்படியே. மருந்துப் போத்தலில் ஒட்டினால் குளியலறை ஈரத்திலும் உரியாத பசை அது, எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ராத்தாவின் ஹெயார் ட்ரையரைக் கொண்டுவந்து, சூடு காட்டிக் காட்டி, பொறுமையாக உரித்தார். பன்னிரண்டு தப்பின. மிச்சமெல்லாம் போய்விட்டன. நான் அழுதுவிட்டேன். "பரவாயில்ல தங்கச்சி, திரும்ப ஒட்டலாம்" என்றார்.

திரும்ப ஒட்டவில்லை. பத்து நாள் கழித்துப் பையனின் தகப்பன் மச்சானுக்குப் போன் எடுத்தார். பேசி முடித்துவிட்டு வந்த மச்சான், ராத்தாவிடம் நேராகச் சொன்னார். "அவங்களுக்குச் சரிவராதாம். என்ட பியர் வேகனைக் கண்டிட்டாங்க, பிடிக்கேல்லையாம்." ராத்தா அன்று பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. அந்தப் பெட்டிகள் இனி இந்த வீட்டில் இருக்கக்கூடாது என்றாள். அடுத்த ஞாயிறு அவர் எல்லாவற்றையும், உரிந்தவற்றையும் சேர்த்து, பஞ்சு வைத்து அட்டைப் பெட்டிகளில் அடுக்கி, அந்த வெள்ளைக்காரரிடமே கொடுத்துவிட்டு வந்தார். நடையில் தட்டு வெறுமையாக நின்றது. பிறகு ராத்தா அதில் சலவைத்தூள் பக்கெட்டுகளை அடுக்கினாள்.

மருமகளுக்கு ஒரு வருடத்துக்குள் வேறு நல்ல இடத்தில் முடிந்தது. அவளுக்கு அந்தச் சம்பந்தம் போனதில் ஒரு கவலையும் இருந்ததாகத் தெரியவில்லை. ராத்தாவுக்குத்தான் ஆறவில்லை. எந்தப் பேச்சு எங்கே தொடங்கினாலும் "உங்கட பியர்ப் பெட்டியால" என்று வந்து முடியும். மச்சான் ஒவ்வொரு முறையும் "ஓம், என்ட பிழைதான்" என்பார். நானும் ஞாயிறு தவறாமல் அங்கே போய், சோறு சாப்பிட்டுக்கொண்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். லேபிள் ஒட்டியும் கண்டுபிடித்துவிட்டார்களே, பொல்லாத கண் என்று மனதுக்குள் நினைப்பேன். சில நாள் நானும் ராத்தாவோடு சேர்ந்து அவரைக் கிண்டல் செய்ததுண்டு. அதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2013இல் சிட்னியில் ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு கல்யாண விருந்துக்குப் போயிருந்தேன். என் மேசைக்கு எதிரில் வந்து உட்கார்ந்தவர் அந்தப் பையனின் தாய். நலம் விசாரித்தார், மருமகளுக்குக் குழந்தை பிறந்ததைச் சொன்னேன், பிள்ளை நல்லா இருக்கட்டும் என்று துஆ செய்தார். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அன்ரி, அந்தச் சின்ன விளையாட்டு ரயிலுக்காக ஒரு நல்ல பிள்ளைய விட்டுட்டீங்களே" என்றேன்.

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ரயிலுக்காகவா மகள்? எங்கட வீட்டுக்காரர் கப்பல் போர்ட்ல வேல செஞ்சவர், எல்லா நாட்டுப் பெட்டியும் பாத்தவர். பியர் பேரு எங்களுக்கு ஒரு விசயமே இல்ல. நான் ஒளு எடுத்த கையோட நடையில வரக்குள்ள ஒரு லேபல்ட மூல ஒட்டாமக் கிளம்பி, கீழ பியர் பேரு தெரிஞ்சிச்சு. பாத்தா எல்லாத்திலயும் புத்தம் புது லேபல். நாங்க வாறமெண்டு இத மூடினவங்க வேற எத எத மூடி வெச்சிருக்காங்களோ எண்டு எனக்கு மனசு ஒப்பேல்ல. இத இவர் உங்கட மச்சானுக்குப் போன்லயே வெளிப்படையாச் சொன்னவரே. அவர் செல்லேல்லையா?"

மெல்பர்னுக்குத் திரும்பும் விமானத்தில் கழிந்துபோன ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் எண்ணிக்கொண்டு வந்தேன். இரண்டரை வருடம், நான் இருக்கும்போதே, என் முன்னாலேயே, என் பிழைக்கு அவர் ஏச்சு வாங்கியிருக்கிறார். சொல்லாமல் விட்டுவிடலாமா என்றும் யோசித்தேன். யாருக்கும் தெரியாது, மச்சான் ஒருநாளும் வாய் திறக்கமாட்டார். அந்த யோசனை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதுதான் என்னைப் பயப்படுத்தியது.

ஞாயிறு பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். மச்சான் சாப்பிட்ட தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ராத்தா அவர் பக்கம் திரும்பினாள்.

"அவர் போன்ல அப்பிடியா சொன்னவர்?"

"ஓம்."

"அப்ப ஏன் இவ்வளவு நாளும் என்னட்ட ஏச்சு வாங்கிட்டு இருந்தீங்க?"

"உன்ட ஏச்சு எனக்குப் பழகினதுதானே," என்றார் மச்சான். "தங்கச்சிக்கு ஏசியிருந்தா அவ ஒரு மாசம் வரமாட்டா. பிறகு ஒரு வருசம் வரமாட்டா. இந்த ஊர்ல உனக்கு வேற ஆர் இருக்கிறாங்க? வேகன் போனாப் போகட்டும்."

ராத்தா அவற்றைத் திரும்பக் கேட்டு வாங்க முடியாதா என்றாள். கொடுத்ததைக் கேட்பது அழகில்லை என்றார் அவர். அதற்குப் பிறகு ராத்தா எனக்கு ஏசத் தொடங்கினாள். அரை மணித்தியாலத்துக்குக் குறையாது. சின்ன வயதில் நான் செய்த பிழைகளெல்லாம் வந்தன. நான் ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை. கதிரையை விட்டு எழும்பவும் இல்லை. மச்சான் இடையில் எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார்.

அடுத்த ஞாயிறு வழக்கத்தைவிட ஒரு மணித்தியாலம் முந்தியே போய் நின்று மணியை அடித்தேன்.