கூச்சத்தில் போன இரண்டு வருடம்

துணித் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் வேனை அவள்தான் ஓட்டினாள். அதில் போகும் பதினான்கு பேருக்கும் அவள் ‘ஸ்டியரிங் அக்கா’. குறுக்கே வரும் லாரிக்காரர்களை அவள் திட்டுவதைக் கேட்டால் அரைத்தூக்கத்தில் இருப்பவளும் சிரித்துவிடுவாள். அப்பேர்ப்பட்ட வாய்க்காரி, தன் உடம்பைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லை.

ஐம்பத்தாறாவது வயதில் அந்தரங்க இடத்தில் அரிப்பு தொடங்கியது. நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்திருக்கும் சூடு என்று நினைத்தாள். இரண்டு மருத்துவர்களிடம் போனாள். அவள் தலையைக் குனிந்தபடி “அரிப்பு” என்றாள். அவர்களும் குனிந்தபடியே களிம்பு எழுதிக் கொடுத்தார்கள். இப்படியே இரண்டு வருடம் ஓடியது. ஒருநாள் துவைக்கப் போட்ட துணியில் ரத்தக்கறையை நாத்தனார் பார்த்துவிட்டாள்.

“உங்களுக்கு நின்னு எட்டு வருஷம் ஆச்சே அண்ணி, இது என்ன?”

“ஏதோ புண்ணு. ஆறிடும்.”

“ஆறுறதா இருந்தா இந்நேரம் ஆறியிருக்கும். கிளம்புங்க.”

இம்முறை பார்த்தவர் மகளிர் மருத்துவர். “இதுக்கு முன்னாடி யாராவது பாத்தாங்களா?” என்று கேட்டார்.

“ரெண்டு பேர் மருந்து குடுத்தாங்க டாக்டர்.”

“அதைக் கேக்கலம்மா. பாத்தாங்களா?”

அவள் இல்லையென்று தலையாட்டினாள். பரிசோதித்த மருத்துவர், சின்னக் கண்ணாடியைப் பிடித்து அவளுக்கே காட்டினார். பிறப்புறுப்பின் வெளித்தோலில் இடப்பக்கம் பட்டாணி அளவில் வெளுத்த தடிப்பு, நடுவில் புண்.

“வண்டியில மூணு கண்ணாடி வச்சிருக்கேன், இங்க பாக்கத் தோணலியே” என்றாள். சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மரத்துப்போக ஊசி போட்டுத் துணுக்குச் சதை எடுத்தார்கள். ஒன்பதாம் நாள் முடிவு வந்தது.

“புற்றுநோய்தாம்மா. கர்ப்பப்பையில இல்ல, வெளித்தோல்ல. அபூர்வமாத்தான் வரும். நல்லவேளை, இன்னும் சின்னதாத்தான் இருக்கு.”

அவள் கேட்க நினைத்ததைக் கூட வந்திருந்த கணவர் கேட்டார்: “வண்டி ஓட்டலாமா டாக்டர்?”

தடிப்பைச் சுற்றியிருந்த நல்ல தோலையும் கொஞ்சம் சேர்த்து வெட்டியெடுத்தார்கள். இடது தொடை இடுக்கிலிருந்த நெறிக்கட்டிகளையும் எடுத்துச் சோதித்தார்கள். அவற்றில் நோய் பரவியிருக்கவில்லை, கதிர்வீச்சு தேவைப்படவில்லை. ஆனால் ஆறு வாரம் நேராக உட்கார முடியவில்லை. நின்றுகொண்டே சாப்பிட்டாள். ஒவ்வொரு முறை கழிப்பறை போனபிறகும் காயத்தை வெதுவெதுப்பான நீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கணவர் பார்க்கக் கூடாதென்று கதவைத் தாழிட்டாள். ஒருநாள் தலைசுற்றி, அவரைக் கூப்பிட வேண்டியதாயிற்று.

“பாக்காதீங்க” என்று அழுதாள்.

“இங்க என்ன அழகுப் போட்டியா நடக்குது? காலை நகத்து” என்றார் அவர். அதற்குப் பிறகு அவள் தாழிடவில்லை.

நான்கு மாதம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். ‘கர்ப்பப்பை ஆபரேஷன்’ என்றுதான் எல்லோரும் கேள்விப்பட்டிருந்தார்கள். தொழிற்சாலை வாசலில் இன்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பி, எங்கே வந்தது, எப்படி மறைத்தாள் என்று உள்ளது உள்ளபடி சொன்னாள். எல்லோரும் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்கள்.

மாலையில் வீடு திரும்பும்போது, பொத்தான் தைக்கும் பெண் மட்டும் கடைசிவரை இறங்காமல் இருந்தாள். “எனக்கும் ஒரு வருஷமா அரிப்பு இருக்குக்கா. வீட்டுக்காரர்கிட்டகூடச் சொல்லல.”

அக்கா வேனை நேராக அதே மருத்துவரிடம் விட்டாள். அந்தப் பெண்ணுக்கு இருந்தது புற்றுநோய் அல்ல. கவனிக்காமல் விட்டால் பின்னாளில் அப்படி மாறக்கூடிய தோல்நோய். களிம்பும் தொடர் பரிசோதனையும் போதுமென்றார் மருத்துவர்.

ஆபரேஷன் முடிந்து இப்போது ஐந்து வருடம் ஆகிறது. கிளட்ச் மிதிக்கும் இடது கால் சாயங்காலமானால் வீங்கிவிடுகிறது. இறுக்கமான நீளக் காலுறை போட்டுக்கொள்கிறாள். இனி வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதுமென்று சென்ற மாதம் மருத்துவர் சொன்னார். அன்று மாலை தொழிற்சாலை வாசலுக்கு அவள் பத்து நிமிடம் தாமதமாகப் போனாள். பதினான்கு பேரும் அவளைத் திட்டியபடியே ஏறினார்கள்.