சீனிக்கிழங்குக்காக நான் கட்சி மாறிய நாள்

இல்ஃபோர்டில் எங்கள் தெருவுக்குப் பங்கு இறைச்சி போடும் பெரிய உத்தியோகம் என்னுடையது. ஒரு செம்மறியை ஐந்து வீட்டுக்குப் பிரிக்க வேண்டும். வகுத்தல் கணக்குக்குப் பயந்து பள்ளிக்கூடத்தை விட்டு ஓடியவனிடம் இந்த வேலையைத் தந்தவர்களைச் சொல்ல வேண்டும். தலை எந்த வீட்டுக்கு என்ற சண்டை இன்னும் தீரவில்லை.

ஆடு தருபவர் லண்டனுக்குக் கிழக்கே, கார் ஓடி அலுத்துப்போகும் தூரத்தில் இருக்கும் ஒரு வெள்ளைக்கார விவசாயி. முறைப்படி வெட்டுவித்து வைத்திருப்பார். போன மார்கழியில் மனைவியின் தம்பியோடு போனேன். எனக்கு இங்கிலீஷ் தெரியும். கேட்பவர்களுக்குத்தான் அது விளங்குவதில்லை. அதனால் அவன்தான் மொழிபெயர்ப்பாளர்.

வயலோரத்தில் வெள்ளைக் கிழங்கு மலையாகக் குவிந்து கிடந்தது. கரும்புக்குப் பதிலாகச் சீனி எடுக்க ஆலைக்குப் போகிற சீனிக்கிழங்கு. விவசாயி அதைக் காலால் தட்டினார். பூச்சி கொண்டுவந்த நோயில் இலை மஞ்சளித்துவிட்டது, ஆலை தரும் விலை செலவுக்கே காணாது, இனி விதைக்கப் போவதில்லை என்றார்.

எனக்குள் இருந்த விவசாய மந்திரி எழும்பிவிட்டார்.

"விடக்கூடாது எண்டு சொல்லு! வெளிநாட்டுச் சீனிக் கப்பல் வராட்டி சனம் தேத்தண்ணிக்கு என்னத்தைப் போடும்?"

தம்பி சொன்னான். அவர் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"அத்தான், நீங்கள் எத்தினை கரண்டி போடுறனீங்களாம்?"

"நான் எங்க போடுறது? சலரோகம் எண்டு டொக்டர் நிப்பாட்டிப் போட்டார்."

"அக்கா?"

"அவ மெலியிறாவாம். பிள்ளையள் சீனியைக் கண்டா நஞ்சு எண்டு கத்துதுகள்."

"அப்ப அந்தாள் ஆருக்காக நட்டப்படுறது? உங்கட பேச்சுக்கோ?"

நான் உடனே கட்சி மாறினேன்.

"அதுவும் சரிதான். சனத்தை வருத்தக்காரராக்கிற பயிர். விட்டுத் துலைக்கட்டும். கோதுமை போடட்டும்."

விவசாயி தலையாட்டிவிட்டு இன்னும் ஒன்று சொன்னார். கிழங்கு எடுத்தபிறகு வயலில் மிஞ்சும் இலையைத்தான் குளிர்காலத்தில் ஆடுகள் மேய்கின்றன. கிழங்கு இல்லையென்றால் இலை இல்லை. ஆடுகளையும் விற்றுவிடப் போகிறார்.

தம்பி மொழிபெயர்த்து முடிக்கவில்லை, நான் பழைய கட்சியில் இருந்தேன்.

"ஐயோ, ஒரு வருசம் பாக்கச் சொல்லடா! நாட்டுக்குத் தேவையான பயிரெல்லோ!"

"எந்த நாட்டுக்கு அத்தான்? எங்கட தெருவுக்கோ?"

இதை அவன் இங்கிலீஷிலும் சொல்லித் தொலைத்தான். விவசாயி சிரித்தார். விதைப்பேன் என்று மட்டும் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியெல்லாம், பின்னால் பெட்டிக்குள் துண்டு துண்டாக இருந்த ஆட்டை நான் மரியாதையோடு பார்த்துக்கொண்டு வந்தேன்.

ஏப்ரலில் தம்பி போன் எடுத்தான்.

"சீனிக்கிழங்கை விட்டிட்டாராம் அத்தான். ஒரு சின்னத் துண்டில ஆடு தின்னிற கிழங்கு போடுறாராம். பாதி ஆட்டை வித்திட்டார், பாதி நிக்குதாம்."

"அடுத்த முறைக்கு எங்கட ஆடு?"

"நிக்கும்."

என் பேச்சால்தான் ஆடு தப்பியது என்று தெரு முழுக்கச் சொன்னேன். இனி இந்த நாட்டுச் சீனிக்கு என்ன வழி என்று ஒருவரும் கேட்கவில்லை. தலை இந்த முறை யாருக்கு என்றுதான் கேட்டார்கள்.